ஊர் திரும்பிய வீரருக்கு ஒரு நடுகல்

பாப்பிரெட்டிப்பட்டி



தருமபுரி, அரூர், செங்கம் வட்டாரங்களில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கும் நடுகற்கள், பூசலில் பட்டவர்களுக்கு ஊர் எடுத்தவை. மாண்டவன் பெயர், அவன் யாருடைய ஆள், எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்பதெல்லாம் சில வரிகளில் அடங்கிவிடும். எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல்லொன்று, வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும் கள்ளர் இருவரைக் கடித்தது என்றும் சொல்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டு கடந்தும் அந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது.

ஆனால் நடுகல் சொல்வது ஒருவனின் கடைசி நாளை மட்டுமே. உயிரோடு ஊர் திரும்பி, முப்பது ஆண்டு தச்சு வேலையோ கொத்து வேலையோ பார்த்து, பிள்ளைகளைக் கரையேற்றியவருக்குக் கல் கிடையாது. இது பெரிய குறை.

போர்த்தொழிலும் கைத்தொழிலும் ஒரே ஆளிடம் சேரும் இடம் பொறியாளர் படை. 1780-இல் வேர்விட்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் இன்று பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் என்ஜினியர் குரூப். அதன் வீரர்களுக்கு இராணுவம் முழுவதும் வழங்கும் பெயர் ‘தம்பி’. தச்சர், கொத்தர், கொல்லர் என்று அங்கே ஆளுக்கொரு ‘டிரேடு’ உண்டு. ஆற்றுக்குப் பாலம் போடுவது, மலையில் வழி வெட்டுவது, கண்ணிவெடி அகற்றுவது எல்லாம் அவர்கள் பாடு. காஞ்சிபுரம் பக்கத்துக்காரரான சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில், வெடிக்கவிருந்த கண்ணிவெடி மேல் தாமே விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றினார். மறைவுக்குப் பின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது.

அவரைப் போல மாளாமல் திரும்பியவர்களே பெரும்பாலோர். 2022-க்கு முன் சேர்ந்த சிப்பாய்க்கு 15 ஆண்டுப் பணி முடிந்தால் ஓய்வூதியம் உண்டு. முப்பதுகளின் பிற்பகுதியிலேயே பலர் பொம்மிடி ரயில் நிலையத்தில் கறுப்பு டிரங்குப் பெட்டியோடு இறங்கிவிடுகிறார்கள். பெட்டி மூடியில் வெள்ளைப் பெயிண்டில் எண், பதவி, பெயர். அதற்குப் பிறகுதான் இரண்டாவது வாழ்க்கை. பட்டறையில் கற்ற இழைப்புளியும் ரசமட்டமும் ஊரில் நிலைக்கும் சன்னலுக்கும் பயன்படுகின்றன. நல்ல தச்சரின் கொட்டாப்புளிப் பிடியைக் கையில் எடுத்தால், அவர் விரல் பதிந்த இடம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருக்கும். அந்தப் பள்ளமும் ஒரு கல்வெட்டுதான்.

குடும்பத்தின் கணக்கு வேறு. ஆண்டுக்கு வருடாந்திர விடுப்பு 60 நாள், தற்செயல் விடுப்பு 30 நாள். எல்லாம் கிடைத்தாலும் 15 ஆண்டில் வீட்டில் இருப்பது நான்கு ஆண்டுக்கும் குறைவு. மீதிக் காலம் கடிதத்திலும் மணியார்டரிலும் ஓடியது. ‘கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.’ என்ற முகவரியை வைத்துக்கொண்டு, கணவன் எந்த ஊரில் இருக்கிறான் என்று மனைவியால் கண்டுபிடிக்க முடியாது. திருமணமும் பிள்ளைப் பிறப்பும் ‘பார்ட் டூ ஆர்டர்’ ஆகப் படை ஆவணத்தில் ஏறின. பிற்காலக் குடும்ப ஓய்வூதியத்துக்கு அந்தப் பதிவே ஆதாரம். இத்தனை நாள் பிரிந்திருந்தவர், ஊர் வந்தபின் பிள்ளையைச் சைக்கிளில் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவதைக் கடைசிவரை விடாமல் செய்தால், அதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை.

இப்படிப்பட்டவரின் வரலாற்றை எழுத முதலில் பார்க்க வேண்டியது டிஸ்சார்ஜ் புத்தகம். சேர்ந்த நாள், விலகிய நாள், டிரேடு, பதக்கங்கள் எல்லாம் அதில் இருக்கும். அது தொலைந்திருந்தால் அந்தந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். வழிகாட்ட மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உண்டு. அடுத்து அவர் நிலை வைத்த வீடுகள், கட்டிய சுவர்கள், பழக்கிய ஆட்கள். தேதி இல்லாத நிழற்படத்தின் பின்பக்கம் இடமும் ஆண்டும் பென்சிலால் குறிக்கப்பட வேண்டும். புகழுரை எதற்கும் அவசரம் இல்லை. நடுகல்லில் இருக்கும் அளவு விவரம் இருந்தால் போதும்.

வாணியாற்றுப் பக்கத்துத் தாத்தா ஒருவர் டிசம்பர் 7, கொடி நாளன்று பதக்கங்களைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், நோட்டோடு போய் அருகில் உட்கார். முதலில் அவருடைய இராணுவ எண்ணைக் கேள். வேறு எது மறந்தாலும் அதைச் சொல்லிவிடுவார். மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வரும்.