வாசல் தேடி வரும் மருத்துவம்

நீரிழிவு நோய் தொடக்கத்தில் வலி தருவதில்லை. ஆதலால், பலர் தமக்கு அந்நோய் இருப்பதையே அறியார். அறிந்தோருள்ளும் சிலர், மாத்திரை வாங்கச் சென்றால் ஒருநாள் கூலி போய்விடுமே என அஞ்சி மருந்தை நிறுத்திவிடுவர். கட்டுப்படாத சர்க்கரையோ கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்புகளையும் மெல்ல மெல்லச் சிதைக்கும்.

இந்நிலையை மாற்றத் தமிழ்நாடு அரசு, 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பயிற்சி பெற்ற பெண் தன்னார்வலர்கள் வீடுவீடாகச் சென்று இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் அளக்கின்றனர். அளவு மிகுந்திருப்போரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புகின்றனர். மருத்துவர் நோயை உறுதிசெய்தபின், மாத்திரைகள் இல்லத்திற்கே வந்து சேர்கின்றன.

மருந்து வாசல்வரை வரலாம். அதனைத் தவறாது உட்கொள்வதும், நாள்தோறும் நடப்பதும், உணவில் அளவு காப்பதும் வீட்டிலுள்ளோர் கடமையாகும்.

அருஞ்சொற்பொருள்
சிதைக்கும் – கெடுக்கும்
தன்னார்வலர் – தாமே முன்வந்து பணிபுரிபவர்

வினாக்கள்
1. நீரிழிவு இருப்பதைப் பலர் அறியாதது ஏன்?
2. தன்னார்வலர்களின் பணிகள் யாவை?
3. வீட்டு முதியவர் மாத்திரை உட்கொள்ள மறந்தால் நீ என்ன செய்வாய்?