திருடன் சீட்டு யார் கையில்?

கேள்வி: என் மகளின் பள்ளி முகாமில் 'மாஃபியா' என்ற ஆட்டத்தை ஆடவிட்டார்களாம். பேச்சுத் திறனும் குழு உணர்வும் வளரும் என்கிறார்கள். பொய் சொன்னால்தான் ஜெயிக்க முடியும் என்கிறாள் மகள். இது எங்கிருந்து வந்தது? பிள்ளைகளுக்குத் தேவைதானா?
– ஒரு தாய், மாக் மண்டின், பினாங்கு

பதில்: மாஃபியா பிறந்த இடம் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை. 1986-87 வாக்கில் திமித்ரி தவிதோவ் அதை உருவாக்கினார். வகுப்பறை, மாணவர் விடுதி, கோடை முகாம் என்று பரவி நாடு தாண்டியது. 1997-இல் அமெரிக்காவின் ஆண்ட்ரூ பிளாட்கின் அதை ஓநாய் மனிதன் கதையாக்கினார். 2020-இல் பிள்ளைகள் கைப்பேசியில் விழுந்து விழுந்து ஆடிய 'அமாங் அஸ்' அதே வம்சம்தான்.

அதற்காக இதை முழுக்க அந்நியச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நோட்டுத் தாளைக் கிழித்து ராஜா, மந்திரி, போலீஸ், திருடன் என்று எழுதி, மடித்துக் குலுக்கிப் போடுவோமே, அதிலும் கரு இதுதான். ராஜாவுக்கு 1000, திருடனுக்குப் பூஜ்யம். மற்ற புள்ளிகள் ஊருக்கு ஊர் மாறும். போலீஸ் திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆளை மாற்றிக் காட்டினால் போலீஸின் புள்ளி திருடனுக்குப் போய்விடும். சீட்டைப் பிரித்ததும் சட்டென்று மூடி, கூரையைப் பார்க்கிற பிள்ளையிடம்தான் திருடன் இருக்கும். போலீஸ் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம், பேச வேண்டியதே இல்லை.

மாஃபியாவில் அது நடக்காது. நடத்துநர் ரகசியமாகச் சீட்டுக் கொடுப்பார். 'இரவு' என்றதும் எல்லோரும் கண்ணை மூட, மாஃபியாக்கள் மட்டும் விழித்து ஒருவரைத் தீர்த்துவிடுவார்கள். 'பகல்' வந்ததும் ஊர் கூடிப் பேசி, சந்தேகப்படும் ஒருவரை வாக்கெடுத்து வெளியேற்ற வேண்டும். மாஃபியாக்களுக்குத் தங்கள் ஆள் யாரென்று தெரியும். ஊருக்கு ஒன்றும் தெரியாது. 2008-இல் வெளியான ஒரு கணித ஆய்வின்படி, துப்பறிவாளர் என்ற வேடம் இல்லாத ஆட்டத்தில் மாஃபியாக்கள் மொத்த ஆட்களின் வர்க்கமூல அளவில் இருந்தாலே இரு தரப்புக்கும் சரிசமமான போட்டியாகிவிடும். நூறு பேருக்கு ஏறக்குறைய பத்துப் பேர் போதும். விவரம் தெரிந்த சிலருக்கு அவ்வளவு பலம். ஊருக்கு இருக்கும் ஒரே ஆயுதம் பேச்சு: அவன் சொன்னதையும் இவள் சொன்னதையும் ஒட்டிப் பார்ப்பது, காரணம் கேட்பது, மற்றவர் பேசும்போது காது கொடுப்பது. பொய் சொல்வது நாலைந்து பேர். அதை உடைக்கப் பழகுவது மீதி அத்தனை பேரும். ஆகவே பிள்ளைகளுக்கு இது நல்லது என்றே நான் உறுதியாகச் சொல்வேன். நம் கல்வி அமைச்சு வலியுறுத்தும் 21-ஆம் நூற்றாண்டுக் கற்றலில் வருகிற தொடர்பாடலும் கூட்டுச் செயல்பாடும் இவைதாமே?

ஆனால் எனக்கு ஒரு பெரிய மனக்குறை உண்டு. வாயே திறக்காத பிள்ளையை, 'பேசாமல் இருக்கிறாள், அவள்தான்' என்று முதல் சுற்றிலேயே வெளியே அனுப்பிவிடுவார்கள். பேசப் பழக வேண்டியவளே ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள். 2009-இல் டான் எஸ்கிரிட்ஜ் உருவாக்கிய 'ரெசிஸ்டன்ஸ்' ஆட்டத்தில் யாரையும் வெளியேற்றுவதில்லை. ஐந்து பேரில் இருவர் ஒற்றர்கள், கடைசி வரை எல்லோரும் ஆடலாம். பள்ளிக்கு அதையே பரிந்துரைப்பேன். ஆட்டம் முடிந்ததும், 'யார் சொன்னதை நம்பினாய், ஏன்?' என்று பத்து நிமிடம் பேசவும் விட வேண்டும்.

வீட்டில் ஆடுவதானால் போலீஸ்-திருடனே போதும், ஒரு விதியை மட்டும் மாற்றுங்கள். போலீஸ் ஆளுக்கொரு கேள்வி கேட்ட பிறகுதான் திருடனைக் காட்டலாம், காரணமும் சொல்ல வேண்டும். காரணம் பொருத்தமாக இருந்தால், ஆள் தவறினாலும் பாதிப் புள்ளி கொடுத்துவிடுங்கள்.