மைனஸ் ஒய் போட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துப் பள்ளியின் கணினி அறைக்காக நீ எழுதிய ஸ்கிரிப்டைப் படித்தேன். ஆப்ட் என்றால் என்ன, சுடோ எதற்கு என்றெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு எரிச்சல் மூட்டியது அந்த ‘மைனஸ் ஒய்’. இன்ஸ்டால் வரியிலும் ஒய், ரிமூவ் வரியிலும் ஒய். எதையெல்லாம் எடுக்கப்போகிறேன் என்று பட்டியல் போட்டுக் காட்டி, சரிதானா என்று ஆப்ட் கேட்கிறது. அது வாயைத் திறக்கும் முன்பே நீ ‘சரி, சரி’ என்கிறாய். நாளைக்கு அந்த ரிமூவ் வரியில் பைத்தான்3 என்று ஒரு பெயரைச் சேர்த்தால், அதை நம்பியிருக்கும் டெஸ்க்டாப்பும் கூடவே போய்விடும். 2021இல் லைனஸ் செபாஸ்டியன் என்ற கனடா யூடியூபர், பாப் ஓஎஸ்ஸில் ஸ்டீமை நிறுவப் போய் டெஸ்க்டாப்பையே பறிகொடுத்தாரே! அவர் நிறுவத்தான் சொன்னார். அதற்காக என்னென்ன போகும் என்பதும் திரையில் வந்தது. படிக்காமல் சம்மதம் தட்டிவிட்டார். முதலில் ‘மைனஸ் எஸ்’ போட்டு ஒத்திகை பார்.

அடுத்தது, எடுப்பது. உன் ஸ்கிரிப்டில் போடுவதற்குப் பக்கம் பக்கமாக வரிகள், எடுப்பதற்கு ஒரே ஒரு ரிமூவ். அது நிரலை மட்டும்தான் எடுக்கும். ஈடிசிக்குள் அதன் கான்ஃபிக் கோப்புகள் அப்படியே கிடக்கும். டிபிகேஜி மைனஸ் எல் அடித்துப் பார், ‘ஆர்சி’ என்று வரிசையாக நிற்கும். பாபநாசத்தில் முங்கிக் குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுப் போகிறார்களே, அதே சோலிதான். பர்ஜ் கொடு. பிள்ளைகளின் ஹோம் கோப்புகளை அது தொடாது. அப்புறம் ஆட்டோரிமூவ். (அதற்கும் ஒய் போட்டாயானால் என்னிடம் வராதே.)

எதை எடுத்தால் எது கூடப் போகும் என்று பார்க்கும் இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது 2012 வாக்கில். அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்த காலம். டெபியனை அடியாக வைத்து சென்னை சி-டாக் உருவாக்கியது அது. பிள்ளைகளுக்குச் சினிமா வைக்க இடம் போதாது; விண்டோஸில் இருந்தபடியே லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்துவிடுவார்கள். மறுபடி ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’. விண்டோஸை எழுப்பிவிட்டுக்கொண்டிருந்ததே அந்தப் பார்ட்டிஷனில் இருந்த கிரப்தான் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? “அண்ணாச்சி, லேப்டாப் தொறக்க மாட்டேங்கு” என்று பாளையங்கோட்டையில் என் கடை வாசலில் வந்து நிற்பார்கள். அழித்தது யார் என்று கேட்டால் எல்லோரும் தம்பியைக் காட்டுவார்கள்.

ஆனால் ஒன்று. ஒரே மெஷினில் ஆப்ட்-கேச்சர்-என்ஜியை ஓட்டி, மற்றவை எல்லாம் அதிலிருந்தே பேக்கேஜை வாங்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறாயே, அபாரம்! செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி இருக்கும் பள்ளிக்கு இதைவிட என்ன வேண்டும்? ‘லினக்ஸ் ஃபார் யூ’ இதழோடு வரும் சிடிக்காக ஜங்ஷன் புத்தகக் கடையில் காத்துக்கிடந்தவன் நான். நெட்டை நம்பாமல் பேக்கேஜ் கிடைப்பதன் அருமை எனக்குத் தெரியும். எனக்கு இது தோன்றியிருக்காது.

பர்ஜ் வரிகளை எழுதி அனுப்பு. பள்ளி மெஷினில் உடனே ஓட்டிவிடாதே. கடையில் ஒரு பழைய லேப்டாப் சும்மா கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வா, அதில் போட்டு எடுத்துப் பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணாச்சி