டிராக்டருக்கு மாற்று டயர் வாங்கும் முறை

உழவு மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் குடியானவர் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழியைக் கவனிப்பார், ஏரில் பூட்டி நாலு சால் ஓட்டிப் பார்ப்பார், விற்பவர் எந்த ஊர், எப்படிப்பட்டவர் என்றும் விசாரிப்பார். அவரே டிராக்டருக்கு டயர் வாங்கச் செல்லுங்கால் விலை ஒன்றை மட்டும் கேட்டு, மிகக் குறைவாகச் சொன்ன கடையில் வாங்கி வந்து விடுகிறார். நடவு மும்முரத்தில் அந்த டயர் பிளந்து நிற்கும்போதுதான் மிச்சப்பட்ட பணத்தைவிட நட்டம் பெரிதென்பது விளங்குகிறது. ஆதலின் டயரை எப்போது, எவ்விடத்தில், எவ்வாறு பார்த்து வாங்குவது என்பதை இக்கட்டுரையில் எடுத்துரைப்போம்.

ஆதியில் டிராக்டர்களுக்கு இரும்புச் சக்கரங்களே இருந்தன. 1932ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனியார் காற்றடைத்த ரப்பர் டயர்களைத் தங்கள் டிராக்டரில் பொருத்தி விற்பனைக்குக் கொண்டு வந்தனர். அதனால் டிராக்டர் வேகமாக ஓடவும், சாலையில் பாரம் இழுக்கவும், எண்ணெய்ச் செலவு குறையவும் வழி ஏற்பட்டது. எஞ்சினின் சக்தி முழுவதும் நிலத்தை அடைவது டயரின் வழியாகத்தான். டயர் தேய்ந்திருப்பின் எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

மாற்ற வேண்டிய தருணம்

டயரின் மேலுள்ள ரப்பர் முகடுகள் புதிதாக இருந்தபோது இருந்த உயரத்தில் கால் பங்குக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றும் காலம் வந்துவிட்டதெனக் கொள்ளலாம். பக்கச் சுவரில் நூலிழை தெரியும்படி வெடிப்புக் கண்டாலும், வீக்கம் புடைத்தாலும் தேய்மானத்தைப் பாராது உடனே மாற்றுவதே தக்கது.

கண்ணால் பார்ப்பதோடு நில்லாமல் வழுக்கலை அளந்து பார்ப்பது மேலும் நல்லது. பின் சக்கரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஓர் அடையாளம் இடுக. கலப்பையைத் தூக்கியபடி சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்றும் வரை அதே வயலில் ஓட்டி, கடந்த தூரத்தை அளந்து கொள்க. பிறகு கலப்பையை இறக்கி உழுதபடி மீண்டும் பத்துச் சுற்றுக்கு அளக்க. முதல் தடவை 40 மீட்டரும் இரண்டாம் தடவை 34 மீட்டரும் வந்தால், வித்தியாசம் 6 மீட்டர். அதாவது வழுக்கல் 15 சதவிகிதம். புழுதி உழவில் இந்த அளவு வரை பாதகமில்லை. இதற்கு மேல் ஏறிக்கொண்டே போனால் டீசலும் நேரமும் விரயமாகின்றன. முதலில் காற்றளவையும் சக்கர எடையையும் சரிபார்த்து, அதன் பின்னும் வழுக்கல் குறையாவிடில் டயரை மாற்றுக.

அளவும் வகையும்

கடைக்குப் போகுமுன் பழைய டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் எழுத்துக்களை ஒரு தாளில் எழுதிக்கொள்வது அவசியம். 13.6-28 என்றிருப்பின், டயரின் அகலம் ஏறக்குறைய 13.6 அங்குலம் என்றும், ரிம்மின் குறுக்களவு 28 அங்குலம் என்றும் பொருள். 12 பி.ஆர். என்பது பாரம் தாங்கும் வலிமையைக் குறிப்பது. உள்ளே பன்னிரண்டு அடுக்குத் துணி இருப்பதாகப் பலர் எண்ணுவது சரியன்று. முன்பு இருந்ததைவிட இவ்வெண் குறைந்த டயரை மலிவென்று வாங்குவது, பாரவண்டி இழுப்பவர்க்கு ஆபத்தாக முடியும்.

பின் சக்கர டயர்களில் ஆர்-1 என்பது புழுதி உழவுக்கும் பொது வேலைக்கும் உரியது. ஆர்-2 என்பதன் முகடுகள் ஏறக்குறைய இரு மடங்கு உயரமுள்ளவை. சேறு நிறைந்த நஞ்சை நிலத்துக்கே ஏற்றவை. சேற்றுழவுக்கு இரும்புக் கேஜ் வீல் மாட்டிக் கொள்பவரும், கரும்பு வண்டி இழுத்துத் தார்ச்சாலையில் அதிகம் ஓடுபவரும் ஆர்-2 வாங்குவதில் அனுகூலமில்லை. உயர்ந்த முகடுகள் தார்ச்சாலையில் விரைவில் தேய்ந்துவிடும்.

பின் டயர்கள் இரண்டையும் ஒருங்கே மாற்றுதலே முறை. ஒன்று புதிதும் ஒன்று தேய்ந்ததுமாக இருப்பின் சுற்றளவு வேறுபட்டு, நேராக ஓடும்போதும் டிபரன்சியல் பற்சக்கரங்கள் ஓயாது உழைக்க நேரிடும். நான்கு சக்கரமும் இழுக்கும் டிராக்டரில் முன் டயருக்கும் பின் டயருக்கும் குறித்த விகிதம் உண்டு. அதில் அளவை மாற்றினால் முன் அச்சு கெடும்.

எவ்விடத்தில் வாங்குவது

டயர் கிடைக்குமிடங்கள் பொதுவாக நான்கு வகையின. முதலாவது, டயர்க் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர். விலை சற்றுக் கூடினாலும், பழுது நேர்ந்தால் உத்தரவாதத்தைக் கோருவதற்கு இவரே வழி. இரண்டாவது, டிராக்டர் விற்பனையாளர். அளவில் தவறு நேராது. ஆயினும் தெரிந்தெடுக்கப் பல கம்பெனிச் சரக்கு இராது. மூன்றாவது, பல கம்பெனி டயர்களையும் விற்கும் பட்டணத்துக் கடை. இங்கே விலையை ஒப்பிடலாம். ஆனால் சரக்கின் வயதைக் கண்டிப்பாகச் சோதிக்க வேண்டும். நான்காவது, பழைய டயர் கடையும் ரீட்ரெடிங் பட்டறையும்.

நல்ல கடைக்கு அடையாளங்கள் சில உண்டு. டயர்களை வெயில் படாமல் நிழலில் அடுக்கியிருப்பர். பெரிய டயரைக் கழற்றி மாட்டும் கருவியும், சக்கரத்தில் நீர் ஏற்றி இறக்கும் வசதியும் வைத்திருப்பர். கேட்ட மாத்திரத்தில் சரக்கைக் காட்டி, ரசீதில் டயரின் வரிசை எண்ணை எழுதித் தருவர். கடையைப் பற்றி அக்கம்பக்கத்து டிராக்டர்காரர் இருவரை விசாரிப்பது, கடைக்காரர் பேச்சை ஒரு மணி நேரம் கேட்பதினும் மேலானது. "விலை என்ன?" என்று மட்டும் கேளாமல், "போன முறை டயர் கெட்டபோது கடைக்காரர் என்ன செய்தார்?" என்று கேட்க வேண்டும்.

விலையை ஒப்பிடுங்கால் மணிக் கணக்கில் ஒப்பிடுக. உதாரணமாக, ரூ.24,000 டயர் 2,000 மணி நேரம் உழைத்தால் மணிக்கு ரூ.12 ஆகிறது. ரூ.16,000 டயர் 1,000 மணியில் தேய்ந்தால் மணிக்கு ரூ.16 ஆகிறது. மலிவாகத் தோன்றியதே விலை உயர்ந்ததாகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் டயர், டியூப் இவற்றின் மீதான சரக்கு சேவை வரி 18 சதவிகிதத்தினின்று 5 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. ரசீதில் வரி எந்த விகிதத்தில் போடப்பட்டுள்ளதெனப் பார்த்துக் கொள்க.

கடையில் சோதிக்க வேண்டியவை

பல கம்பெனிகளின் டயரில் செய்த வாரமும் ஆண்டும் நான்கு எண்களாகப் பொறிக்கப்பட்டிருக்கும். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் என்று பொருள். நெடுங்காலம் வெயிலிலும் வெப்பத்திலும் கிடந்த ரப்பர், ஓடாமலே கெட்டியாகி நுண்ணிய வெடிப்புக் காணும். முகடுகளின் அடிப்பாகத்தை விரலால் அகற்றிப் பார்த்தால் இது தெரியும். ரிம்மில் அமரும் ஓரக் கம்பி வளையாமலும் கிழியாமலும் இருத்தல் வேண்டும்.

ரீட்ரெட் டயரை அடியோடு தள்ளவேண்டுவதில்லை. உள்கூடு நன்றாயிருந்தால் தட்டு வண்டிக்கும் இலேசான வேலைக்கும் அது உதவும். ஆனால் வாங்குவோர் தம்முடைய சொந்த டயரையே கொடுத்து ரப்பர் ஏற்றிக் கொள்வது நல்லது. பிறர் டயரின் உட்புறச் சரித்திரம் நமக்குத் தெரியாது. பழைய டயராயின் ரிம்மினின்று கழற்றச் சொல்லி, உட்புறம் ஒட்டுப் போட்டிருக்கிறதா, நூல் அறுந்திருக்கிறதா என்று பாராமல் பணம் கொடுக்கலாகாது.

பொருத்துதலில் ஜாக்கிரதை

பக்கத்திலுள்ள அம்புக்குறி முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். மாறிப் பொருத்தினால் சேறு வெளியேறாமல் முகடுகளில் அடைத்துக்கொண்டு பிடிப்புக் குறையும். டயரை ரிம்மில் உட்கார வைக்கும்போது சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டுக்கு மேல் காற்றடித்தல் உயிருக்கே அபாயம். அந்த அளவிலும் ஓரம் உட்காராவிடில் காற்றை இறக்கி, சோப்பு நீர் தடவி, மறுபடி முயல வேண்டும். டயருக்கு எதிரே எவரும் நிற்கலாகாது. பொருத்திய பின் கம்பெனியார் குறித்த அளவுக்குக் காற்றைச் சரிசெய்து கொள்க.

ரசீதும் முறையீடும்

ரசீதையும் உத்தரவாதச் சீட்டையும் டிராக்டர் பதிவுப் புத்தகத்தோடு பத்திரப்படுத்துக. செய்நேர்த்திக் குறையால் டயர் கெட்டால், அதை வெட்டாமலும் வேறிடத்தில் ஒட்டாமலும் விற்றவரிடமே எடுத்துச் சென்று எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பரிகாரம் கிடைக்காவிடில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கூறலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். ஜீவனத்துக்காகத் தாமே உழும் குடியானவரும் இச்சட்டத்தில் நுகர்வோரே. ரசீது இல்லாதவர் கையில் வழக்கு இல்லை.

கிராம அதிகாரிகளுக்கு

ஒரே அளவு டயர் வேண்டுவோர் ஐந்தாறு பேரை ஒன்று சேர்த்து ஒரே கடையில் வாங்கச் செய்தால் விலையிலும் போக்குவரத்துச் செலவிலும் குறைவு கிடைக்கும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12க்கு முன்பே, கோடையில் டிராக்டர்களைப் பார்வையிட்டு, தேய்ந்த டயர்களை மாற்றும்படி டெல்டாப் பகுதிக் குடிகளுக்கு எடுத்துச் சொல்லலாம். வாய்க்காலில் நீர் வந்தபின் டயர் தேடி அலைபவர், கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்து, கிடைத்த டயரையே வாங்க வேண்டியிருக்கும். அதற்குள் நாற்றும் முற்றிவிடும். நீருக்கு முன் வரப்பைச் சீர் செய்வது போலவே, பருவத்துக்கு முன் டயரைச் சீர் செய்வதும் உழவரின் கடமையாகும்.