விதைநெல் விற்ற காசு விளைச்சலாகுமா?

நம்பிக்கை: "பி.ஈ. பத்துக்குக் கீழ வந்தா பங்கு மலிவு. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்."

மொன்றியல் ஜரி வீதிக் கடையிலும் கேட்டுவிட்டேன், பிறந்தநாள் விழாக்களிலும் கேட்டுவிட்டேன். என்னிடம் வரிக் கணக்குப் பார்க்க வில்லரேயிலிருந்து வருகிறவர்களும் இதையே ஒப்பிக்கிறார்கள். இந்த ஒரு வரியை நம்பிச் சீட்டெடுத்த காசைக் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். போதும், நிறுத்துங்கள்.

உண்மை: பங்கின் விலையை, பங்கு ஒன்றுக்கான ஆண்டு லாபத்தால் வகுத்தால் வருவது பி.ஈ. ஒரு டொலர் லாபத்துக்குச் சந்தை எத்தனை டொலர் கொடுக்கிறது என்பதை மட்டுமே அது காட்டும். அந்த லாபம் எங்கிருந்து வந்தது, அடுத்த வருடமும் வருமா என்பதைக் காட்டாது.

சியர்ஸ் கனடா கடைத்தொடரை அதற்குள் மறந்துவிட்டீர்களா? 2013 இல் அதன் லாபம் 44 கோடி டொலருக்கு மேல். ஆண்டு முடிவில் இருந்த பங்கு விலைக்கு பி.ஈ. ஏறத்தாழ 3. இதைவிட மலிவு உண்டா? ஆனால் அது சட்டையும் குளிர்சாதனப் பெட்டியும் விற்று வந்த லாபமல்ல. றொரன்ரோ ஈட்டன் சென்டர் போன்ற நல்ல இடங்களில் இருந்த கடைகளின் குத்தகை உரிமையைக் கைவிட்டுப் பெற்ற பணம். விதைநெல்லை விற்றாயிற்று, அடுத்த போகத்துக்கு என்ன செய்வது? 2014 இல் சுமார் 34 கோடி டொலர் நட்டம். 2018 ஜனவரியில் கடைசிக் கடையும் மூடப்பட்டது. அங்கே உழைத்து ஓய்வு பெற்றவர்களின் ஓய்வூதியத்திலும் வெட்டு விழுந்தது.

இனி இதற்கு மறுபக்கம்: மலிவு விலைக் கடைத்தொடரான டொலராமா. 1992 இல் மட்டானில் முதல் கடை, தலைமையகம் நமக்குப் பக்கத்தில் மவுண்ட் றோயலில். 2018 தொடக்கத்தில் 35ஐத் தாண்டியிருந்த அதன் பி.ஈ., அந்த ஆண்டு முடிவில் 20ஐ ஒட்டி இறங்கியது. லாபம் விழுந்ததா? இல்லை. அந்த நிதியாண்டில் பங்கு ஒன்றுக்கான லாபம் 1.52 டொலரிலிருந்து 1.67 ஆக ஏறியது. இறங்கியது வளர்ச்சி மீது சந்தை வைத்திருந்த எதிர்பார்ப்பு. 2025 பெப்ரவரியில் முடிந்த ஆண்டில் அதே லாபம் 4.16 டொலர். ஒரு நாள் பி.ஈ.யைப் பார்த்து எதையும் தீர்மானிக்காதீர்கள். பத்து வருட விலையை ஒரு வரிசையிலும் லாபத்தை இன்னொரு வரிசையிலும் எழுதுங்கள். பி.ஈ. ஏன் அசைந்தது என்பது அப்போதுதான் தெரியும்.

நம்பிக்கை: "பங்கைப் பிரித்தால் மலிவாகும்."

உண்மை: ஆகாது. 2018 இல் டொலராமா ஒரு பங்கை மூன்றாக்கியது. விலையும் மூன்றிலொன்று, பங்கு லாபமும் மூன்றிலொன்று. பி.ஈ. அப்படியே இருந்தது.

நம்பிக்கை: "பங்கு லாபம் ஏறிய அளவுக்கு வியாபாரமும் வளர்ந்திருக்கும்."

உண்மை: மேலே சொன்ன 1.52, 1.67 கணக்கில் ஏற்றம் சுமார் 10 சதவீதம். மொத்த லாபமோ 6 சதவீதம்கூட ஏறவில்லை. நிறுவனம் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கி எண்ணிக்கையைக் குறைத்ததால் வந்த வித்தியாசம் அது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கியூபெக்கில் 2017 முதல் உயர்நிலை ஐந்தாம் ஆண்டில் நிதிக் கல்வி கட்டாயப் பாடம். நம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளிலும் ஆண்டறிக்கை வாசிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அதுவரை உங்கள் மகளைப் பக்கத்தில் இருத்தி அறிக்கையைத் திறவுங்கள். லாபம் எங்கிருந்து வந்தது என்று அவள் விரல் வைத்துக் காட்டும்வரை சீட்டுக் காசு வங்கியிலேயே கிடக்கட்டும்.