கெண்டைக்காலில் சுருண்டிருப்பது எது?

கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் விடியலுக்கு முன்பே கூடையோடு வந்து நிற்கும் பெண்களில் சிலருக்குக் கெண்டைக்காலில் நீலப்பச்சையாக முறுக்கிப் புடைத்திருக்கும். கேட்டால் "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்பார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி போடும்போதும் "நரம்பு கிடைக்கல" என்றே நம் காதில் விழுகிறது. இந்த ஒரு சொல்லை நம்பி நரம்பு டாக்டரையும் நரம்புத் தைலத்தையும் தேடி அலைகிறவர்கள் உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம்பிக்கை: சுருண்டிருப்பது நரம்பு. எண்ணெய் போட்டு அழுத்தி நீவினால் சரியாகிவிடும்.

உண்மை: நரம்பு மூளையின் சேதியைக் கொண்டுபோகும் இழை. அதற்குள் ரத்தம் ஓடாது. காலில் புடைத்திருப்பது சிரை. இதயம் பீய்ச்சும் ரத்தத்தை வெளியே எடுத்துப்போவது தமனி. அழுத்தம் தாங்க வேண்டியிருப்பதால் அதன் சுவர் தடிப்பு. மணிக்கட்டில் நாடி பார்ப்பது தமனியில்தான். ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது சிரை. அதன் சுவர் மெலிசு, உள்ளே அழுத்தமும் குறைவு. அப்படியிருந்தும் பாதத்து ரத்தம் மார்பு வரை ஏறியாக வேண்டும். நடக்கும்போது கெண்டைத்தசை சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. தள்ளியது இறங்கிவிடாமல் சிரைக்குள் இருக்கும் வால்வுகள் மூடிக்கொள்கின்றன.

இதை உங்கள் கையிலேயே பார்க்கலாம். கையைத் தொங்கவிட்டு, புறங்கையில் புடைக்கும் சிரை ஒன்றை ஒரு விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கமாக நீவிவிட்டு, நீவிய விரலை மட்டும் எடுங்கள். வழியில் வால்வு இருந்தால் அதற்குக் கீழே உள்ள பகுதி தட்டையாகவே கிடக்கும்; மேலிருந்து ரத்தம் இறங்காது. அழுத்திய விரலை எடுத்ததும் கீழிருந்து சட்டென்று நிரம்பும். ரத்தம் சுற்றி ஓடுகிறது என்பதை நிறுவ மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் தம் நூலில் படம் போட்டுக் காட்டிய சோதனையும் இந்த மாதிரிதான்.

மணிக்கணக்கில் அசையாமல் நின்றால் தசை பிழிவதில்லை. கர்ப்ப காலம், பரம்பரை, உடல் எடை இவையும் சேர்ந்து வால்வு சரியாக மூடாமல் போனால் ரத்தம் தேங்கிச் சிரை வீங்குகிறது, சுருளுகிறது. தைலத்தால் வால்வைச் சரிசெய்ய முடியாது.

நம்பிக்கை: சிரையில் ஓடுவது நீல ரத்தம்.

உண்மை: அடர்சிவப்பு ரத்தம். தோல் வழியாகப் பார்ப்பதால் நீலமாகத் தெரிகிறது. சோதனைக்கு எடுத்த ரத்தத்தைக் குழாயில் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

நம்பிக்கை: சிதம்பரம் கோயில் பொற்கூரையின் 72,000 ஆணிகள் உடலின் 72,000 ரத்தக்குழாய்களைக் குறிக்கின்றன.

உண்மை: மரபு சொல்வது 72,000 நாடிகளை. யோக நூல்களில் நாடி என்பது பிராணன் ஓடும் வழி. கோயிலின் அந்தப் பொருள் அழகானது, அதை அப்படியே வைத்துக்கொள்வோம். ரத்தக்குழாய்க் கணக்கு வேறு. தமனியையும் சிரையையும் இணைக்கும் தந்துகிகள் மட்டுமே பல நூறு கோடி. சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கிக்கொண்டு போகும் அளவுக்கு அவை குறுகல். ஹார்வியால் அவற்றைப் பார்க்க முடியவில்லை. 1661இல் மருத்துவர் மல்பிகி தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி வைத்துக் கண்டார்.

மறுபடி காலுக்கு வருகிறேன். டாக்டரிடம் "ரத்தக்குழாய் புடைச்சிருக்கு" என்று சொல்லுங்கள். அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டி, ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் நீவவே நீவாதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலின் ரத்தக்குழாயை அடைத்துவிடக்கூடும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். புடைத்த சிரை உடைந்து ரத்தம் கொட்டினால் உடனே படுக்க வைத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அந்த இடத்தையே அழுத்திப் பிடியுங்கள். அதற்கு மேலே கயிறு கட்டாதீர்கள்.