வலிக்கும் இழப்பீடு உண்டு

கேள்வி: லாரி மோதியதில் என் கணவருக்குக் கால் முறிந்தது. ஆஸ்பத்திரி பில்லுக்கு மட்டும்தான் பணம் கிடைக்குமா? பட்ட வேதனைக்குக் கேட்க முடியாதா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமாகக் கேட்கலாம், சகோதரி. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வலியும் வேதனையும் தனி இனம். ராஜ்குமார் வழக்கில் (2011) உச்ச நீதிமன்றம் அதைச் சிகிச்சைச் செலவு, வருமான இழப்பு ஆகியவற்றிலிருந்து பிரித்தே எண்ணியது. காயத்தின் தன்மை, அறுவை சிகிச்சைகள், படுக்கையில் கிடந்த காலம் எல்லாம் பார்த்துத் தொகை முடிவாகும். ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, பிசியோதெரபி ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். இரவெல்லாம் தூங்காமல் துடித்ததைச் சாட்சிக்கூண்டில் அவரே சொல்லட்டும். பலர் கூச்சப்பட்டு அதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய வருத்தம். விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட்டுவிடுங்கள். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம்.